நாற்பது பேருக்குப் பகல் சாப்பாடு

கெலிஓயா
22.04.2025

அன்புள்ள கணேஸ் அவர்களுக்கு,

சீட்டுக் குலுக்கியதில் உங்கள் பெயரும் என் பெயரும் விழுந்திருக்கின்றன. பிலிமத்தலாவை வட்டத்தின் கோரிக்கையை நாம் இருவரும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

தீர்மானத்துக்குப் பிறகு நம் கடிதங்களை ஏழு வட்டங்களிலும் யாரும் வாசிக்கலாம். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். நேற்று வந்து சேர்ந்த ஒருவருக்கும் விளங்க வேண்டும்.

நாம் திக்கிப் பேசுகிறவர்கள். கண்டியைச் சுற்றி ஏழு ஊர்களில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். தலைவர் இல்லை. அலுவலகம் இல்லை. கூட்டத்தில் ஒரே ஓர் ஒழுங்கு உண்டு. ஒருவர் பேசும்போது அவருடைய சொல்லை இன்னொருவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும். ஒரு வட்டம் நிகழ்ச்சி நடத்தப் பொதுநிதியைக் கேட்டால், வேறு இரு வட்டங்களைச் சேர்ந்த இருவர் அதைப் பார்ப்பார்கள். இருவரும் உடன்பட்டால்தான் பணம். போனில் பேசித் தீர்ப்பதில்லை. போனில் என்றால் அன்றைக்கு யாருடைய நாக்கு ஒத்துழைக்கிறதோ அவர் வென்றுவிடுவார். அதனால் கடிதம்.

கோரிக்கையை எழுதியவர் ரிஸ்மி. பிலிமத்தலாவையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். ஜூன் 15, ஞாயிறு, அரை நாள். ஒரு மண்டபம், ஓர் ஒலிவாங்கி, நாற்பது பேருக்குப் பகல் சாப்பாடு. நிகழ்ச்சிக்கு ‘கேட்கும் நாள்’ என்று பெயர் வைத்திருக்கிறார். நாற்பது பேரில் ஒன்பது பேர்தான் வட்டங்களைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் யார் என்று எழுதவில்லை.

படிவத்தின் கடைசிக் கேள்வி உங்களுக்குத் தெரியும். இந்த நாளுக்குப் பிறகு என்ன மாறும்? அவர் எழுதியது இது: ‘இந்த நாளுக்குப் பிறகு நான்’. அவ்வளவுதான். முற்றுப்புள்ளி கூட இல்லை.

எனக்கு ஆம் சொல்ல விருப்பம். ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

* * *

கோட்டுக்குக் கீழே எழுதுவது கோப்புக்குப் போகாது என்பதால் இது உங்களுக்கு மட்டும்.

சென்ற ஆண்டு கண்டியில் எல்லா வட்டங்களும் கூடியபோது என் பெயரைச் சொல்ல எழுந்தேன். ‘ந’ வரை வந்தது. மிச்சம் வரவில்லை. எல்லோரும் ஒழுங்குப்படி காத்திருந்தார்கள், தரையைப் பார்த்தபடி. நீங்கள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பஸ் எப்படியும் வரும் என்று தெரிந்தவர் பார்ப்பது போல.

தலதா வழிபாட்டுக்கு வந்த சனத்தால் கண்டி நிறைந்திருக்கிறது. பஸ் உள்ளே போகாததால் நேற்றும் கெட்டம்பேயிலேயே இறங்கி வேலைக்கு நடந்தேன். கடிதம் பிந்தினால் மன்னியுங்கள்.

நதா


கலஹா
30.04.2025

அன்புள்ள நதா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் உடன்படவில்லை. காரணங்களை எழுதுகிறேன்.

முதலாவது, முப்பத்தொரு பேர் வெளியாட்கள். நவம்பரில் எங்கள் கலஹா வட்டம் ஒருநாள் கூட்டத்துக்குப் பணம் கேட்டது. பன்னிரண்டு பேர். அதில் ஐவர் எங்கள் வட்டத்தில் திக்கிப் பேசும் பிள்ளைகளின் தாய்மார். ‘நிதி வட்டத்தாருக்கு மட்டும்’ என்று மறுப்பு வந்தது. அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் உரக்க வாசித்தவன் நான். வாசித்து முடிக்க நெடுநேரம் ஆனது. ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை, ஒழுங்குப்படி. ஒரு மறுப்பை அவ்வளவு மெதுவாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஐந்து பேருக்கு இல்லையென்றது முப்பத்தொரு பேருக்கு எப்படி ஆமாகும்?

இரண்டாவது, விசாரித்தேன். ஜூன் 29 ரிஸ்மி வீட்டில் கல்யாணமாம். அதற்கு இரண்டு ஞாயிறு முந்தி நாற்பது பேருக்குச் சாப்பாடு. இரண்டு வீட்டாரும் கூடிச் சாப்பிடுகிற விருந்தாகவே எனக்குப் படுகிறது. என் மனைவி சந்திரிகாவிடம் சொன்னேன். “நம்ம கல்யாணத்தப்ப இந்தச் சங்கம் இல்லாம போச்சேங்க” என்றாள்.

மூன்றாவது, கடைசிப் பதில் முடியவில்லை. அரைகுறைக் கோரிக்கையை ஏற்பதில்லை என்று நாமே எழுதி வைத்திருக்கிறோம்.

திருப்பி அனுப்பலாம் என்பது என் கருத்து.

* * *

நான் மின்சார மீட்டர் வாசிக்கிறவன். வீட்டுக்காரர் என்னோடு பேச விரும்புவதில்லை. எனக்கு அது வசதி. நாய்கள்தான் பேச்சுக் கொடுக்கும்.

நீங்கள் நினைத்திருப்பது அழகாக இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று உங்களுக்கு அடுத்தது என் முறை. பயத்தில் கண்ணை எடுக்க மறந்துவிட்டேன்.

கணேஸ்


கெலிஓயா
07.05.2025

அன்புள்ள கணேஸ் அவர்களுக்கு,

கல்யாணம் என்று நீங்கள் எழுதிய பிறகுதான் எனக்கு விளங்கியது. நன்றி.

முஸ்லிம்களான எங்கள் நிக்காஹ் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். பெண்ணின் தகப்பன், வாப்பா என்போம், அவர் இல்லாவிட்டால் பொறுப்பான வேறோர் ஆண், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, இவளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தருகிறேன் என்பார். ஏற்றுக்கொண்டேன் என்று மாப்பிள்ளை உடனே சொல்ல வேண்டும். நடுவில் இடைவெளி விழுவதை யாரும் விரும்புவதில்லை. சபை முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும். மௌலவி, உறவுக்காரர், ஊர்ப் பெரியவர்கள். கையெழுத்து வேறு. சொல் வேறு.

திக்கிப் பேசும் ஒரு மாப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

அந்த முப்பத்தொரு பேர் அந்தச் சபைதான். அவர்கள் முன்னால் ஒருதடவை சொல்லிப் பார்க்க விரும்புகிறார். இதை விருந்து என்று சொல்ல எனக்கு மனமில்லை.

மூன்றாவது தடையை நீக்கிவிட்டேன். கடைசிப் பதிலை முடித்து எழுதியிருக்கிறேன். புதிய பிரதி இத்துடன் இருக்கிறது. பச்சை மையில் இருப்பது என்னுடையது. ‘இந்த நாளுக்குப் பிறகு நான் என் நிக்காஹ் சபையில் ஏற்றுக்கொண்டேன் என்று என் வாயாலேயே சொல்வேன்.’ இனி அரைகுறை என்று யாரும் சொல்ல முடியாது.

* * *

கண்டியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் சிங்களப் பத்திரங்களைத் தமிழாக்குவது என் வேலை. தேய்ந்த முத்திரை. மையழிந்த வரி. எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்று பார்த்து நிரப்புவேன். அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும்.

நேற்று வாக்களிக்கப் போனேன். பெயரைக் கேட்டார்கள். அடையாள அட்டையை நீட்டினேன். “வாயில்லயா இந்தப் புள்ளைக்கு” என்றது பின்னால் ஒரு குரல். திரும்பிப் பார்க்கவில்லை. பச்சை மை வரியை நான் எழுதியது நேற்றிரவு.

நதா


கலஹா
15.05.2025

நதா,

வெசாக் லீவு முடிந்துதான் தபால் வந்தது.

பச்சை மை வரியை வாசித்தேன். நல்ல வரி. அது ரிஸ்மியின் வரி அல்ல.

பத்து வருடத்துக்கு முன்னால் என் மகளின் பிறப்பைப் பதியப் போனேன். நானும் சந்திரிகாவும் வைத்திருந்த பெயர் தமயந்தி. பதிவு அலுவலக இலிகிதர் பெயரைக் கேட்டார். ‘த’ என்றேன். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. அவர் பொறுமையானவர். சிரித்த முகம். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “தர்ஷிகாவா?” என்றார். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து கடதாசியைக் கொடுத்தபோது சந்திரிகா கேட்டாள், “தர்ஷிகாவா? அது யாரு?”

அந்த மனிதர் கெட்டவரில்லை. எனக்கு உதவிதான் செய்தார். உங்களுக்கு இதை எழுதுவது அதற்காகத்தான்.

நம்முடைய கூட்டங்களில் ஒரேயோர் ஒழுங்கு உண்டு என்று முதல் கடிதத்தில் நீங்களே எழுதியிருந்தீர்கள். பேச்சில் காப்பதை எழுத்தில் விட்டுவிட்டீர்கள்.

இந்த வரியோடு வரும் கோரிக்கைக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன். மாத முடிவுக்குள் அவருடைய சொந்தப் பதில் வராவிட்டால் மறுப்பு என்று எழுதுவோம்.

இன்று கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

கணேஸ்


கெலிஓயா
25.05.2025

கணேஸ் அண்ணா,

அண்ணா என்ற இந்த அழைப்பு கோப்பில் இருக்கட்டும்.

நேற்றுப் பிலிமத்தலாவைக்குப் போனேன். கோரிக்கை எழுதியவரைப் போய்ப் பார்க்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பார்த்தேன்.

பெரிய வீதியில் சின்னக் கடை. பிரேக் கட்டைகள், பேன் பெல்ட்டுகள், ஒரே எண்ணெய் வாசம். ரிஸ்மி முன்னால் நின்றார். அவருடைய சாச்சா, வாப்பாவின் தம்பி, மர்சூக் என்று பெயர், உள்ளே கதிரையில் இருந்தார். என் பெயரைச் சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. ரிஸ்மி காத்திருந்தார். சாச்சா, “நஸ்ரியாவா? நசீராவா?” என்று இரண்டு பெயர் தந்தார்.

ரிஸ்மி சொன்னவற்றை நேராக எழுதுகிறேன். எங்கள் பேச்சில் ‘செல்ல’ என்றால் சொல்ல, ‘ஈக்கு’ என்றால் இருக்கு, ‘நானா’ என்றால் அண்ணன். அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் கேள்வியைப் பற்றிக் கேட்டேன். அவர் வாயைத் திறந்தார்.

“இவன்ட வாப்பா மௌத்தாகி ரெண்டு வருஷம். அதத்தான் செல்ல வாரான்” என்றார் சாச்சா.

ரிஸ்மி நிறுத்தி மறுபடி தொடங்கினார்.

“கல்யாணம் இவனுக்கில்ல மகள். இவன்ட தங்கச்சிக்கு. நப்லாவுக்கு.”

சாச்சா சொன்னது எல்லாம் உண்மை. அதில் ஒன்றைக் கூட ரிஸ்மி சொல்லவில்லை.

நான் எழுதியதோ உண்மை கூட இல்லை. அவர் மாப்பிள்ளை அல்ல.

ஒரு முச்சக்கர வண்டிக்காரர் வந்து சாச்சாவை வெளியே கூப்பிட்டார். அதன் பிறகுதான் பேசினோம். வாப்பா இல்லை. வாப்பாவின் வாப்பாவும் இல்லை. அப்போது தங்கையைக் கொடுக்க வேண்டியவர் மூத்த சகோதரன். மாப்பிள்ளை சொல்ல வேண்டியது ஒரே சொல். கொடுப்பவருக்கு முழு வாக்கியம். அதில் தங்கையின் பெயரும் வர வேண்டும்.

“சாச்சா செல்றார், நான் செல்லிட்டுப் போறேன், நீ கையெழுத்து மட்டும் வையெண்டு. அப்படிச் செய்யலாம். மார்க்கத்துல இடம் ஈக்கு.”

“அப்ப?”

“நப்லா செல்றா, நானா தந்தா போறேன், இல்லாட்டி இல்லயெண்டு.”

முப்பத்தொரு பேரும் அன்றைக்குச் சபையில் இருக்கப் போகிறவர்கள்தான். அது மட்டும் நான் சரியாக நினைத்தது. ஆனால் அவர்கள் முன்னால் பேசிப் பழக அவர் இதைக் கேட்கவில்லை.

“எனக்குப் பழகத் தேவல்ல. நான் பொறந்த நாள்லேந்து பழகுறேன். கேக்கிறதுக்கு அவங்க பழகல்ல.”

“ஒலிவாங்கி?”

“சொல்லு வராம நான் நிக்கிற நேரம் அதுல பெருசாக் கேக்கும். அதுக்கும் பழகோணும்.”

பச்சை மையைக் காட்டினேன். மெதுவாக வாசித்தார். “நல்லா ஈக்கு. ஆனா இது வேற ஆள்” என்றார். சிரித்தார். கோபப்பட்டிருக்கலாம்.

அவருடைய வரியை ஏன் முடிக்கவில்லை என்று கேட்டேன். “தெரியல்ல. தெரிஞ்சா எழுதியிருப்பேன்.”

பச்சை மை இல்லாத பழைய பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். என் பதில் ஆம். இம்முறை ஏன் என்று தெரியும்.

* * *

திரும்பும் பஸ்ஸில் உம்மாவைப் பற்றி யோசித்தேன். என் வாக்கியங்களை எல்லாம் உம்மாதான் முடிப்பார். அவர் முடிக்கும் வாக்கியங்களில் நான் இருப்பதைவிட நல்ல பிள்ளை. அதனால் நான் தடுப்பதில்லை.

உங்கள் மகளுக்குத் தன் பெயரின் கதை தெரியுமா?

நதா


கலஹா
31.05.2025

அன்புத் தங்கச்சி,

இங்கே மழை. மேல் பாதையில் மண் சரிந்து ஒரு நாள் பஸ் ஓடவில்லை. கடிதம் ஈரமாக வந்தது. எழுத்துக்கு ஒன்றுமில்லை.

என் பதிலும் ஆம். கோப்புக்காகச் சில விடயங்கள்.

கடைசிக் கேள்வியை இப்படியே விடுவோம். பதில் இல்லை என்று எழுதக் கூடாது. பதில் இருக்கிறது, இன்னும் முடியவில்லை. இதை அரைகுறை என்று தள்ளினால் நம் கூட்டங்களில் பாதிப் பேரை வெளியே அனுப்ப வேண்டி வரும்.

எங்கள் வட்டத்தின் ஐந்து தாய்மாரும் இதற்குத்தான் வர இருந்தார்கள். பிள்ளை பேசும்போது பொறுத்திருக்கப் பழக. எங்களுக்கு அப்படி எழுதத் தெரியவில்லை. ‘பார்வையாளர்’ என்று எழுதினோம். பார்க்க வருகிறவர்களுக்கு ஏன் சாப்பாடு என்று யாரும் கேட்பார்கள்தானே. எங்களுக்குக் கிடைக்காதது அவருக்கு மட்டும் ஏன் என்ற எண்ணம் ஏப்ரலிலிருந்து எனக்குள் இருந்தது. காரணங்களை எழுதும்போது அதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஒரு நிபந்தனை. மர்சூக் என்கிற அந்தச் சாச்சா வர வேண்டும். அவர் வராவிட்டால் பணமில்லை. வந்தால் அவரை என் முன்னால் உட்கார வையுங்கள்.

* * *

தர்ஷிகாவுக்குத் தெரியாமல் இருந்தது. உங்கள் கேள்விக்குப் பிறகு சொன்னேன். சந்திரிகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுங்கப்பா பாப்போம்” என்றாள் பிள்ளை.

கூப்பிடப் பார்த்தேன். ‘த’ வந்தது. அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். மழை பெய்தது. பேர் வந்து சேர்ந்தது.

“வேணாம்ப்பா. இதே இருக்கட்டும்” என்றாள். “இது ஒங்களுக்கு லேசா வருது.”

கணேஸ் அண்ணா


கெலிஓயா
16.06.2025

கணேஸ் அண்ணா,

நேற்று உங்களோடு பேசக் கிடைக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு தேடினேன். கலஹா பஸ்ஸுக்கு ஓடிவிட்டதாகச் சொன்னார்கள்.

பெண்கள் பக்கத்தில் என் எதிரே நப்லா இருந்தாள். அன்றைய பயிற்சி இதுதான்: திக்கிப் பேசுகிறவர் தன் வீட்டுக்கு வழி சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவர் ஒரு சொல்லும் தரக் கூடாது, தந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் வழி சொன்னேன். கெலிஓயாப் பாலத்தில் ஒரு தடவை, பள்ளிவாசலுக்குத் திரும்பும் சின்ன ஒழுங்கையில் ஒரு தடவை நின்றேன். அவள் அசையவில்லை. நானாவோடு வளர்ந்தவள். முடிந்ததும், “அந்த ஒழுங்கைக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா?” என்று கேட்டாள். அதுவரை யாரும் என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. பதில் வந்த மட்டில் போதும் என்று விட்டுவிடுவார்கள்.

மறைப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. என்ன நடந்தது? கோப்புக்கு வேண்டாம். எனக்குச் சொல்லுங்கள்.

நப்லா கைகளை நெரித்துக்கொண்டே இருந்தாள். மௌலவி வரவில்லை, கவனித்தீர்களா? அழைப்புப் போயிருக்கிறது. வேலையாம். நிக்காஹ் சபையில் சொற்களை எடுத்துக் கொடுக்கிறவர் அவர்தான்.

நதா


கலஹா
20.06.2025

அன்புத் தங்கச்சி,

சிரிப்பு என்னால் அல்ல. சாச்சாவால்.

நான் கலஹாவிலிருந்து தொடங்க வேண்டும். ‘க’ என்றேன். நின்றது.

“கம்பளையா?” என்றார் சாச்சா.

முதலிலிருந்து. க.

“கடுகண்ணாவையா? கண்டியா?”

மறுபடி. க.

“கெலிஓயா பக்கமா தம்பி?”

பக்கத்துக் கதிரையிலிருந்து ரிஸ்மி, “சாச்சா, நீங்க பஸ் கொண்டக்டர் வேலைக்குப் போங்க” என்றார். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. சாச்சாவும் சிரித்தார். தொப்பியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். வாயை அடைக்கக் கைகளை ஏன் அடக்கினார் என்று தெரியவில்லை. ஆனால் உதவியது.

நீங்கள் கேட்ட அந்த அமைதி அதுதான். நான் வேண்டுமென்று நிற்கவில்லை. அன்றைக்கு அந்தச் சொல் உண்மையாகவே மோசமாக நின்றுவிட்டது. மண்டபத்தில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். சாச்சாவின் முகம் சிவந்தது. கண்ணில் நீர் வந்தது. நான் கலஹா என்றேன்.

அவர் மூச்சை விட்டார். “தம்பி, நீங்க நிக்கிற நேரம் எனக்குத்தான் மூச்சு முட்டுது. அதாலதான் செல்லிக் குடுக்கிறேன். உங்களுக்காக இல்ல.”

அவரைப் பிடித்துப் போனது எனக்கு.

சாப்பிடும்போது ரிஸ்மியிடம் சொன்னார், “நிக்காஹ் அண்டைக்கு நான் பின்னால ஈக்கிறேன். கிட்ட இருந்தா செல்லிப் போட்டிருவேன்.” ரிஸ்மி வேண்டாம் என்று தலையாட்டினார். பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். அதைச் சொல்ல அவருக்கு நெடுநேரம் ஆனது. சாச்சா சோற்றில் கையை வைத்தபடி இருந்தார்.

மௌலவி வராதது எனக்கும் உறுத்துகிறது. வந்தவர்கள் எல்லாம் பழகி என்ன, ஒலிவாங்கியை வைத்திருப்பவர் பழகவில்லை. பொறுங்கள் என்று அவரிடம் யார் சொல்வது? நாம் கொடுத்தது மண்டபமும் சோறும்தான். மிச்சம் நம் கையில் இல்லை.

29ஆம் திகதி என்னால் வர முடியாது. கலஹா வட்டத்தின் கூட்டம். தாய்மாரும் வருகிறார்கள். புதிய கோரிக்கை எழுதப் போகிறோம். நீங்கள் போவீர்கள். என்ன நடந்தாலும் எழுதுங்கள். நடக்காவிட்டாலும்.

கணேஸ் அண்ணா


கெலிஓயா
30.06.2025

கணேஸ் அண்ணா,

நிக்காஹ் கீழ் மண்டபத்தில். பெண்களுக்கு மேல்மாடி. கீழே நடப்பதை ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றின் வழியாகக் கேட்க வேண்டும். ஆகவே நான் ஒன்றையும் பார்க்கவில்லை. கேட்டதை எழுதுகிறேன்.

நப்லா நடுவில் இருந்தாள். வெள்ளை உடுப்பு. மருதாணிக் கைகளை மடியில் மலர்த்தி வைத்திருந்தாள். உம்மா ஒரு பக்கம், மாப்பிள்ளையின் உம்மா ஒரு பக்கம். நான் பின்வரிசையில். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் பலர் அந்த ஞாயிறு வராதவர்கள்.

மௌலவி நன்றாகப் பேசினார். ஆற்றொழுக்கான குரல். நான் அவருடைய மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தேன். எங்கே எடுக்கிறார், எங்கே விடுகிறார் என்று. அவருக்கு அது தெரிந்திருக்காது.

பிறகு ரிஸ்மியைக் கூப்பிட்டார். கதிரைகள் இழுபட்டன. ஒலிவாங்கி யாருடைய சட்டையிலோ உரசியது. மாப்பிள்ளை அஹ்னாப் இருமினார். மேல்மாடியில் பேச்சு நின்றது.

ரிஸ்மியின் முதற் சொல் வந்தது. இரண்டாவது வந்தது. எங்கள் இருவரையும் விட்டால் அதில் எவ்வளவு பாடு இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. எங்கள் இருவரையும் என்றா எழுதினேன். நப்லாவையும் என்னையும் சொன்னேன்.

‘என் தங்கச்சி’ என்றார்.

அடுத்தது பெயர். ந.

உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. என் நாக்கும் மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. என் பெயரும் அங்கேதான் தொடங்குகிறது. நான் மேலே, அவர் கீழே, இரண்டு பேரும் ஒரே எழுத்தில்.

பெட்டியில் மின்விசிறியின் சத்தம் மட்டும். மௌலவி தொண்டையைச் செருமினார். “ந” என்று அவர் தொடங்கினார், கனிவாக, பிள்ளைக்கு ஓதிக் கொடுப்பது போல. நப்லா தலையைக் குனிந்தாள்.

“இருங்க மௌலவி” என்றது ஒரு குரல். ஒலிவாங்கிக்கு மிகக் கிட்டத்தில். மர்சூக் சாச்சா. “இருங்க. அவன் செல்லுவான்.”

மறுபடி ஒன்றுமில்லை. நான் இதுவரை கேட்ட எதையும்விட நீளமாக இருந்தது. கீழே எத்தனை ஆண்கள். ஒருவரும் இருமவில்லை. ஒரு கதிரையும் அசையவில்லை.

மாப்பிள்ளையின் மாமி ஒருவர் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். எழுந்துபோய் அதன் வயரை ஆட்டிப் பார்த்தார்.

“என்ன இது, கரண்ட் போயிட்டா?”

நப்லா தலையை நிமிர்த்தினாள்.

“இல்ல மாமி” என்றாள். “நானா பேசிட்டு ஈக்கிறார்.”

நதா